மாமனாரின் ஒற்றை எண்

கணினிப் பெட்டியின் முகப்பில் '3.2 கிகாஹெர்ட்ஸ்' என்று ஒரு பளபளப்பான ஸ்டிக்கர். அதன் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, டெம்போவிலிருந்து இறக்கினார் என் மாமனார்.

எருத்தேன்பதியில் எங்கள் வீட்டுக்கு டிராக்டரானாலும் மிக்சியானாலும் வாங்குவது அவர்தான். எதையும் ஒரே ஓர் எண்ணை வைத்து எடைபோட்டுவிடுவார். யோசிக்கிற வேலை மிச்சம். மோட்டார் என்றால் குதிரைத்திறன். அரை மணி நேரத்தில் கிணறு வற்றிவிடும் கோடையிலும் ஊரிலேயே பெரிய மோட்டாரை மாட்டி, அது காற்றை உறிஞ்சி உறுமுவதைக் கேட்டு மீசையைத் தடவிக்கொண்டவர்.

குழந்தை பிறந்ததும் வேலையை விட்டிருந்தேன். கோவையில் ஒரு கட்டட வடிவமைப்பாளர் வீட்டிலிருந்தே செய்ய வேலை தருவதாகச் சொன்னார். முதலில் ஒரு வீட்டின் முப்பரிமாணப் படத்தைத் திங்கட்கிழமைக்குள் முடித்துக் காட்ட வேண்டும். அதற்காக, என் சேமிப்பைக் கொடுத்து நான் கேட்டது 2.5 கிகாஹெர்ட்ஸில் நான்கு கோர், அதாவது சேர்ந்து வேலை செய்யும் நான்கு மூளைகள், உள்ள கணினி. மாமனார் வாங்கி வந்ததில் இரண்டுதான்.

"நாலு பேர் நெதானமா செய்யற வேலைய ரெண்டு பேர் ஓடி ஓடிச் செஞ்சாலும் தீராதுங்க மாமா" என்றேன்.

"அம்மிணி, நீ கேட்டது ரெண்டரை. இது மூணு புள்ளி ரெண்டு. எது பெருசுன்னு படிச்ச புள்ளைக்கு நாஞ் சொல்லோணுமா?"

அந்த கிகாஹெர்ட்ஸ் காட்டும் கடிகார வேகம் என்பது நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது மட்டுமே. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை நடக்கிறது, எத்தனை கோர்கள் சேர்ந்து செய்கின்றன என்பதை அது சொல்லாது. விளக்கினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இரவு பகலாகக் கணினி ஓடியும், திங்கட்கிழமை படம் பாதியைக்கூடத் தாண்டவில்லை. வேலை வேறொருத்திக்குப் போயிற்று. நான் அழுதேன். அவரோ தோப்பில் தேங்காய் பறிக்க வந்தவர்களிடமெல்லாம், "மிஷின் நல்ல வேகமுங்க. நம்ம மருமவ கைதான் மெதுவு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

இப்போது என் மகள் கல்லூரியில் நான் படித்த அதே கட்டட வடிவமைப்புதான் படிக்கிறாள். சென்ற மாதம் அவளுக்கு மடிக்கணினி தேவைப்பட்டதும், மாமனார் வெள்ளை வேட்டி கட்டிக் கடைக்குத் தயாரானார். அவர் செருப்பு மாட்டுவதற்குள் நானும் மகளும் பஸ் ஏறிவிட்டோம். அவள் வரைந்த படத்தையே கடையில் நாலைந்து கணினிகளில் ஓட்டிப் பார்த்து, சீக்கிரம் முடித்ததை வாங்கினோம். அந்த வீட்டில் அவரைக் கேட்காமல் வாங்கிய முதல் பொருள் அது.

அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பி எண்ணைத் தேடினார். கண்ணாடி போட்டும் கிடைக்கவில்லை.

"இது எத்தன புள்ளி, அம்மிணி?"

"பாக்கலீங்க மாமா" என்றேன்.