ஷார்ஜாவுக்குப் போன வெள்ளிக்கிழமை மாத்திரை

1. ஒரு வாயின் படம்

நவராத்திரியின் ஆறாம் நாள் காலையில் கிளினிக்கின் ஷட்டரை உயர்த்திக்கொண்டிருந்தபோது என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. அது ஒரு மனிதனின் திறந்த வாய். உதட்டின் உட்புறத்திலும் நாக்கின் ஓரங்களிலும் வெள்ளை வெள்ளையாகப் புண்கள் பூத்திருந்தன. படத்தின் கீழே ஒரு வரி இருந்தது.

"சார், தண்ணி கூட முழுங்க முடியல."

அனுப்பியவன் குமரவேல். எங்கள் கிளினிக்கில் சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டவன். ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தான். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்த மருந்தின் வேலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படி நேர்ந்தது என்பதுதான் தெரியவில்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் முப்பத்தோராண்டு கம்பவுண்டராக இருந்து, சென்ற தை மாதத்தில் ஓய்வு பெற்றேன். இன்று மருந்துக் கடைகளிலும் கிளினிக்குகளிலும் கவுண்ட்டருக்குப் பின்னால் நிற்கும் இளையவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் இதை எழுதுகிறேன். இதில் பிழை செய்தவன் நானே.

2. ஊதா வெளிச்சம்

அந்த நவராத்திரிக்கு ஐந்து மாதம் முன்பு, நாற்பது நாள் விடுப்பில் குமரவேல் ஊருக்கு வந்திருந்தான். முழங்கை, முழங்கால், முதுகு, தலை என்று எங்கும் சிவந்த திட்டுகள். அவற்றின்மேல் வெள்ளிச் செதில்கள். அவன் வீட்டில் தறி உண்டு. பட்டு இழையில் கை பட்டால் செதிலின் முனை இழையைப் பிடித்து இழுக்கும் என்பதால், தறிமேடைப் பக்கமே போக மாட்டான் என்று அவன் தாயார் இந்திராணியம்மாள் சொன்னார்.

டாக்டரம்மா அவனுக்கு வாரம் மூன்று நாள் ஒளிச் சிகிச்சை எழுதினார். ஆள் உயரத்துக்கு ஓர் அலமாரி. உள்ளே நான்கு பக்கமும் குழல் விளக்குகள். கறுப்புக் கண்ணாடி அணிந்து நோயாளி உள்ளே நிற்க வேண்டும். விநாடிக் கணக்குப் பார்த்து விளக்கை அணைப்பது என் பொறுப்பு. விளக்கு எரியும்போது கதவிடுக்கின் வழியே ஊதா வெளிச்சம் கசிந்து தரையில் நீளும். என் வெள்ளைச் சட்டை, விரல் நகம், சுவரில் மாட்டிய காலண்டரின் ஓரம் எல்லாம் அந்த நிறத்தில் மிதக்கும். பல ஆண்டுகள் அதன் அருகில் நின்றும், ஒவ்வொரு முறையும் தண்ணீருக்கடியில் நிற்பதுபோன்ற மயக்கம் எனக்கு வந்ததுண்டு. உள்ளே நிற்பவர்களுக்கும் அப்படித்தான் போலும். முகம் பார்த்துச் சொல்லாதவற்றைக் கதவுக்குப் பின்னாலிருந்து சொல்வார்கள்.

"அங்க வைத்தியம் பார்க்கலையாப்பா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒரு தடவை பார்த்தேன் சார். டாக்டர் மூஞ்சியப் பார்க்கறதுக்கே ரெண்டு வாரச் சாப்பாட்டுக் காசு போயிடுச்சு. ஆயின்மென்ட்டு தனி. இன்சூரன்ஸ் கார்டை நீட்னா, இது பழைய நோவு, இதுக்கு வராதுன்னுட்டான்."

"இந்த லைட்டு அங்க இல்லையா?"

"இருக்குது சார். ஒரு தடவைக்கு இன்னா கேட்டான்னு சொன்னா, நீங்க கதவைத் தொறந்துக்கினு உள்ள வந்து நின்னுக்குவீங்க."

சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு அவன் குரல் இறங்கியது.

"ரூம்ல ஆறு பேர் சார். காலைல என் படுக்கையப் பார்த்துட்டு, இன்னாடா அப்பளம் சாப்ட்டுக்கினே தூங்கினியான்னு கேக்கறானுங்க."

"ஒட்டிக்கிற நோவு இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். ரபீக்னு ஒருத்தன் மட்டும் நம்பினான். அவனும் அடுத்த நாள் துண்டைத் தள்ளி மாட்டிக்கினான்."

விநாடிகள் முடிந்தன. விளக்கை அணைத்தேன். வெளியே வந்தவன் கண்ணாடியைக் கழற்றி, பகல் வெளிச்சத்தை அப்போதுதான் பார்ப்பவன்போலச் சற்று நேரம் நின்றான்.

3. டாக்டரம்மா சொன்ன வழிகள்

விடுப்பு முடியும் தறுவாயில் உடல் பாதிக்கு மேல் தெளிந்திருந்தது. ஆயினும் நிறுத்தினால் திரும்பும் என்பது இந்நோயின் இயல்பு. டாக்டரம்மா தாயையும் மகனையும் எதிரே உட்காரவைத்து, இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். களிம்புகள் உள்ளன; ஆனால் உடல் முழுவதும் தடவினால் மாதத்துக்குப் பல குழாய்கள் தீரும், ஸ்டீராய்டு களிம்பை நீண்ட நாள் தடவவும் கூடாது. ஒளிச் சிகிச்சை நல்லது. ஷார்ஜாவில் அதற்கு அவன் சம்பளம் தாங்காது. பயாலஜிக் ஊசி என்று ஒன்று உண்டு, நன்றாகக் கேட்கும். அதன் விலையைச் சொன்னதும் இந்திராணியம்மாள், "அது ஊசியா, நகையாம்மா?" என்று கேட்டார்.

எஞ்சியது மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. விலை மிகக் குறைவு, பலன் உண்டு. ஆனால் கட்டுப்பாடுகள் அதிகம். மது கூடாது. அவ்வப்போது ரத்தப் பரிசோதனை வேண்டும். திருமணமாகிக் குழந்தை வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, வாரத்துக்கு ஒரே நாள்தான் விழுங்க வேண்டும். வெளிநாடு செல்பவன் என்பதால் மருந்துச் சீட்டும் ஒரு கடிதமும் எழுதித் தந்து, மாத்திரைகளை அட்டையோடு எடுத்துச் செல்லும்படி சொன்னார்.

"ஒரு நாள்தான். கம்பவுண்டர் விளக்கமா சொல்வாரு" என்று அனுப்பினார்.

4. என் முறை

இந்த மாத்திரையை நோயாளிகள் மறந்துவிடுவார்கள் என்பதே என் நெடுங்காலக் கவலை. தினம் உண்பது பழக்கமாகிவிடும். வாரம் ஒருமுறை உண்பது நழுவிவிடும். ஆகவே நானே ஒரு முறையை உருவாக்கிக்கொண்டேன். கிழமையைச் சொல்லாமல், அவரவர் வாழ்வில் வாரம் ஒருமுறை தவறாமல் நடக்கும் ஒன்றோடு மாத்திரையை முடிச்சுப் போட்டுவிடுவேன். முசரவாக்கத்து விவசாயி ஒருவருக்குச் சந்தை நாள். ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோ ஓட்டுநருக்கு வண்டியைச் சோப்புப் போட்டுக் கழுவும் நாள். ஒருவரும் தவறியதில்லை. டாக்டரம்மாவே இதைக் கேட்டுப் புன்னகைத்ததுண்டு. எனக்கு அதில் உள்ளூரப் பெருமை இருந்தது.

குமரவேலிடம் கேட்டேன். "வாராவாரம் நீ தவறாம செய்யறது எதுப்பா?"

"அங்க எனக்கு வெள்ளியும் ஒண்ணு, திங்களும் ஒண்ணு சார். லீவே மாறி மாறித்தான் வருது. அம்மா போன் பண்ணுவாங்க, அது ஒண்ணுதான். வெள்ளிக்கிழமை காமாட்சியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வந்து, பிரசாதத்தைக் கைல வெச்சிக்கினே பேசுவாங்க."

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "அப்படின்னா நீ நாளையே எண்ண வேண்டாம். அம்மா கோயிலுக்குப் போயிட்டு வந்து சொல்லுவாங்க. சொன்னா போட்டுக்கோ" என்றேன். தாயாரிடமும், "கோயிலுக்குப் போனா தம்பிக்கு மாத்திரையை ஞாபகப்படுத்துங்கம்மா" என்றேன்.

"அம்மனைப் பார்த்துட்டு வந்து சொன்னா மருந்து இன்னும் கேக்கும்ணா" என்றார் அவர்.

மூன்று மாதத்துக்கு மேல் எல்லாம் ஒழுங்காக நடந்தது. முழங்கை தெளிந்த படத்தை அனுப்பினான். அதை டாக்டரம்மாவிடம் காட்டினேன்.

பிறகு நவராத்திரி வந்தது.

5. ஐந்து நாள்

அந்த ஆறாம் நாள் காலையில் அவனை அழைத்தேன். வாய்க்குள் பஞ்சை வைத்துக்கொண்டு பேசுவதுபோலப் பேசினான்.

"மாத்திரை எப்பப்பா போட்ட?"

"நேத்து சார்."

"அதுக்கு முன்னாடி?"

"முந்தாநாளு. அஞ்சு நாளா டெய்லி போட்டுக்கினு இருக்கேன் சார். அம்மா நவராத்திரிக்குத் தினமும் கோயிலுக்குப் போறாங்க. வந்து சொல்றாங்க. மூணாம் நாளு கேட்டேன், ஏம்மா தினம் தினமும்னு. கம்பவுண்டர் சார் அப்படித்தாம்பா சொல்லிக்கிறாருன்னாங்க."

வெளியே தெருவில் கோயிலுக்குப் போகும் பெண்கள் பேசிக்கொண்டு சென்றார்கள். அந்தப் பேச்சு எனக்குக் கேட்டது, பொருள் விளங்கவில்லை. கவுண்ட்டர், அலமாரி, மருந்துப் பெட்டிகள் எல்லாம் ஓர் அடி தள்ளிப் போய் நின்றதுபோல இருந்தது.

மாடியில் குடியிருந்த டாக்டரம்மாவிடம் ஓடிச் சொன்னேன். அவர் கைப்பேசியை வாங்கினார்.

"குமரவேல், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. எமர்ஜென்ஸிக்கு."

"மேடம், அங்க போனா சம்பளம் மொத்தமும் உருவிடுவான். வாய்ப்புண்ணுதானே? டிக்கெட்டு அதைவிட மலிவு. சாயங்காலம் ஃப்ளைட் ஏறினா காலைல உங்க முன்னாடி வந்து நிப்பேன்."

"வாயில தெரியறது கொஞ்சம்தான். உள்ள ரத்த அணு குறைஞ்சிக்கிட்டே இருக்கலாம். நீங்க விமானத்துல உட்கார்ந்திருக்கற நேரம்தான் மாத்து மருந்துக்கு வேணும்."

வெளிநாட்டில் இருப்பவர்களின் மனம் நோய் வந்தால் முதலில் ஊருக்குத்தான் ஓடும். இங்கே எல்லாம் மலிவு, எல்லாரும் தெரிந்தவர்கள். மறுமுனையில் அவன் டிக்கெட் விலையைத் தேடிக்கொண்டிருக்கிறான் என்றே எனக்குத் தோன்றியது.

"மாத்திரை அட்டையையும் என் கடிதத்தையும் கையில எடுத்துக்கோங்க. வாரத்துக்கு ஒரு நாள் போட வேண்டியதை அஞ்சு நாள் போட்டுட்டேன்னு முதல் வார்த்தையா சொல்லுங்க. வெட்கப்பட்டு மறைச்சீங்கன்னா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"ரபீக் இருக்கான்."

"போனை அவர்கிட்ட குடுங்க."

துண்டைத் தள்ளி மாட்டிய அதே ரபீக்தான் அவனை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போனான்.

6. தாயாரிடம் சொன்னது

அன்று பகல் எப்படிக் கழிந்தது என்று இப்போதும் என்னால் கோவையாகச் சொல்ல இயலவில்லை. மழை தூறிற்று. நோயாளிகள் வந்தார்கள், அவர்களுக்கு மருந்து கொடுத்தேன், ஒவ்வோர் உறையையும் மும்முறை படித்துக் கொடுத்தேன். இடையில் ஒருவருக்கு ஊதா விளக்கைப் போட்டுவிட்டு விநாடிகளை எண்ணும்போது, நான் எண்ணுவது இங்கே இல்லை, கடலுக்கு அப்பால் ஒரு கட்டிலருகே என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

பதினொரு மணிக்கு இந்திராணியம்மாள் வந்தார். நெற்றியில் புதுக் குங்குமம். கையில் வாழையிலைப் பொட்டலம்.

"அவன் போனே எடுக்கலண்ணா. இன்னிக்கு மாத்திரை போடணுமே."

உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"நானா குடுத்தேன் அவனுக்கு? அஞ்சு நாளும் நானே கூப்பிட்டுக் குடுத்தேனா?"

"இல்லம்மா. நான் சொன்னதை நீங்க செஞ்சீங்க. கோயிலுக்குப் போனா சொல்லுங்கன்னு சொன்னேனே தவிர, வாரத்துக்கு ரெண்டாம் தடவை போட்டா உயிருக்கு ஆபத்துன்னு உங்ககிட்ட நான் சொல்லல."

"நவராத்திரில தினம் போவேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். எனக்குத் தெரியாதா? அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மாலையில் ரபீக்கின் குரல் வந்தது. சேர்த்துவிட்டார்கள். ரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. மாற்று மருந்தான ஃபோலினிக் ஆசிட் ஊசி தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் கடினம் என்று அங்குள்ள மருத்துவர் சொன்னாராம். பழைய நோய்க்கு வராத காப்பீட்டு அட்டை, அவசரச் சேர்க்கைச் செலவில் பெரும்பகுதியை ஏற்றது என்பது பின்னர்தான் தெரிந்தது. மீதியில் அவன் சேமிப்புக் கரைந்தது. பதினொரு நாள் கழித்து அவன் இட்லி சாப்பிடுவதைப் படமெடுத்துத் தாயாருக்கு அனுப்பினான்.

7. பிறகு

மாத்திரையின்மீது குற்றமில்லை. பலருக்கு அது இன்றும் நன்மை செய்கிறது. குமரவேலுக்கு மட்டும் டாக்டரம்மா அதை நிறுத்திவிட்டார். இப்போது அங்கே களிம்பும் எண்ணெயும், விடுப்பில் வரும்போது ஒளிச் சிகிச்சையும். முழங்காலில் இரண்டு திட்டுகள் எப்போதும் இருக்கின்றன. "இருந்துட்டுப் போகுது சார்" என்கிறான்.

நான் என் முறையைக் கைவிட்டேன். உறையின்மேல் கிழமையை எழுதினேன், தேதிகளையும் எழுதினேன். நான்கு வாரத்துக்குமேல் ஒருவருக்கும் சேர்த்துக் கொடுக்கவில்லை. வெளியூர் செல்பவர்களுக்கு வாரத்துக்கு ஓர் உறையாகப் பிரித்து ஒட்டிக் கொடுத்தேன். ஏன் ஒரே நாள் என்பதையும், மீறினால் என்ன ஆகும் என்பதையும் விழுங்குபவரிடமும், நினைவூட்டுபவரிடமும் சொல்லி, அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லக் கேட்ட பிறகே கையில் தந்தேன். மறந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களிடம், "சந்தேகம்னா போடாதீங்க. டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க" என்றேன்.

முப்பதாண்டுகள் மறதியையே நோயாளியின் பகைவன் என்று கருதி, அதை வெல்லும் வழிகளைத் தேடினேன். அந்த ஐந்து நாளில் தாயும் மறக்கவில்லை, மகனும் மறக்கவில்லை, நான் சொன்னது சொன்னபடியே நடந்தது. ஒரு நாளாவது யாராவது மறந்திருக்கக் கூடாதா என்றுதான் அன்று பகலெல்லாம் நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.