கரிசலில் வெடிப்பு

1. காலை ஏழு மணிக்கு, சாத்தூருக்கு மேற்கே ஒரு கரிசல் காட்டில் மண் சோதனையைத் தொடங்கினேன்.
2. எட்டரைக்கு சிவகாசியில் உள்ள பட்டாசுக் கம்பெனி மேனேஜருக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "ஓடுபாதை இடத்தில் பெரிய வெடிப்பு. வேலையை நிறுத்திவிட்டேன்."
3. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, காட்டுக்காரர் கொடுத்த டீயைக் குடித்தேன்.
4. ஒன்பதேகாலுக்கு ஒரு ஜீப்பும், அதன் பின்னால் ஓர் ஆம்புலன்சும் வந்தன.
5. ஆம்புலன்ஸ் புதைந்தது.

நான் சிவில் படித்தவள். மதுரையில் ஒரு சிறிய நிறுவனத்தில் மண் சோதனை செய்கிறேன். தனியாக நான் கையெழுத்துப் போடப்போகும் முதல் அறிக்கை அது. பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒரு சின்ன ஜெட் விமானம் வாங்கும் யோசனையில் இருந்தார். அதற்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான ஓடுபாதை போதும். தார் வேண்டாம், மண்ணிலும் புல்லிலும் இறங்கும். காற்றழுத்தம் குறைவான இரட்டைச் சக்கரங்கள். கல் உள்ளே போகாதபடி இஞ்சின்களை உயரத்தில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த விமானத்தின் மேல் மரியாதை உண்டு. ஆனால் விற்பவர்கள் அனுப்பிய படத்தில் அது ஓடியது செம்மண்ணில்.

நிலம் காட்டுக்காரருக்கும் அவர் அண்ணனுக்கும் பொது. இவரைக் கேட்காமலே அண்ணன் கம்பெனிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். மண் சரி என்று நான் எழுதினால் புரட்டாசியில் விதைப்பு கிடையாது. இதை அவர் என்னிடம் மறைக்கவில்லை. சோதனையில் தலையிடவும் இல்லை. மண்ணின் பலம் பார்க்க நான் அடித்து இறக்கும் கம்பியைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று மட்டும் கேட்டார்.

முந்தின நாள் சாயங்காலம் மழை. மேல்மண் குழைந்திருந்தது, கோடையில் பிளந்தவை இன்னும் மூடவில்லை. ஒன்றுக்குள் என் கை முழங்கைவரை போனது. நான் படித்த பாடத்திலும் காட்டுக்காரர் பேச்சிலும் அதற்குப் பெயர் வெடிப்பு. சிவகாசியில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். இதே மாவட்டத்தில் பிறந்த எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

ஜீப் ரோட்டோரம் நின்றது. மேனேஜர் செருப்பைக் கரிசலில் விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"எத்தனை பேரு மேடம்?"

எனக்குப் புரியச் சற்று நேரமானது. காட்டுக்காரர்தான் குனிந்து தரையைக் காட்டினார். "வெடிப்பு இந்தா கிடக்கு, பாருங்க. வேற ஒண்ணுமில்ல."

மேனேஜர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பைக்குள் கிடந்த போனில் பதினோரு முறை என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

அதற்குள் ஆம்புலன்ஸ் குறுக்கே எங்களை நோக்கி வந்து, நடுக்காட்டில் அச்சுவரை இறங்கிவிட்டது. டிரைவர் ரிவர்ஸ் போட்டார், இன்னும் இறங்கியது.

"அமுக்காதப்பு, அது விடாது" என்று காட்டுக்காரர் சத்தம் கொடுத்தார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார். "ஏரோப்பிளேன் இங்கன நல்லா இறங்கும். ஏறத்தான் செய்யாது. எங்க அண்ணங்கிட்டயும் நீங்களே சொல்லிருங்க."

மேனேஜர் அப்போதுதான் சிரித்தார். டிராக்டர் வந்து வண்டியை இழுப்பதற்குள் நான் மீதிச் சோதனைகளை முடித்தேன். கம்பி சொன்னதும் அதேதான்: காய்ந்தால் தாங்கும், நனைந்தால் தாங்காது. அறிக்கையில் அப்படியே எழுதினேன். மேனேஜர் கேட்டுக்கொண்டபடி வெடிப்பு என்று வந்த இடத்திலெல்லாம் விரிசல் என்று மாற்றினேன்.

இப்போது அந்த நிலத்தில் மக்காச்சோளம் இடுப்பளவு நிற்கிறது. முதலாளி விமானம் வாங்கவில்லை. மதுரையில் இறங்கிக் காரில் வருகிறார்.