நான் வெட்டிய பத்தி

ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் நான் தரப் பரிசோதகனாக இருந்தபோது, லேத் ஓட்டும் ஒருவர் டீ நேரத்தில் அடிக்கடி ஒரு கதை சொல்வார். கதையில்லை, அவருக்கு நடந்தது. காவிரித் தகராறில் பெங்களூரில் தமிழர் வீடுகள் எரிந்தபோது அவர் வீடும் எரிந்தது. "கலாட்டா ஆன வருசம்" என்பார், நல்ல மழை பெய்த வருஷத்தைச் சொல்வதைப் போல. எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவே இல்லை. நான் திருநெல்வேலிக்காரன், ஒரு கல்லடியும் வாங்காதவன். கோபம் மட்டும் வண்டி வண்டியாக இருந்தது.

பக்கத்துப் பாகலூரிலிருந்து வேலைக்கு வரும் கன்னடக்காரர்கள் இரண்டு பேரும் கூடவே உட்கார்ந்திருப்பார்கள். கதை பாதி தமிழிலும் பாதி கன்னடத்திலும் நகரும். பக்கத்து வீட்டுக் கன்னட அம்மா இவரையும் மனைவியையும் தன் வீட்டுச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, இவர்களுடைய மூன்று வயது மகளைத் தன் பேத்திபோல இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றாராம். அந்த இடம் வந்ததும் இவர் நிறுத்திவிடுவார். கும்பலிடம் அந்த அம்மா சொன்னதைப் பாகலூர்க்காரர்கள்தான் சொல்வார்கள்: "இல்லி யாரூ இல்ல, ஹோக்ரி." இங்கே யாருமில்லை, போங்கள். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். வீட்டில் மனைவி அழுவார் என்று இவர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

ஆயுத பூஜைக்குத் தொழிலாளர்கள் போடும் மலரில் இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க சார். அந்தம்மாவப் பத்தி நல்லா எழுதுங்க" என்றார்.

கலாட்டாவை அடித்துவிட்டு 'இனவெறியாட்டம்' என்று போட்டேன். அந்த அம்மா வந்தால் வேகம் குறைகிறது என்று அந்தப் பத்தியையே வெட்டினேன். இடமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். அலங்காரமாக நாலு வரி சேர்க்க மட்டும் இடம் இருந்தது.

எல்லோரும் பாராட்டினார்கள். அவர் மட்டும் மலரை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, "அந்தம்மா எங்க சார்?" என்றார். பக்கம் போதவில்லை என்றேன். அதன்பின் பாகலூர்க்காரர்கள் டீயை வாங்கிக்கொண்டு ஸ்டோர் பக்கம் ஒதுங்கினார்கள். இவரும் கதை சொல்வதை விட்டுவிட்டார்.

ப்ளஸ் ஒன் படித்த அவருடைய மகள், என் கட்டுரையை மனப்பாடம் செய்து பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கினாள். அதைக் கேட்டுப் பூரித்துப் போனேன், வெட்கங்கெட்டவன்.

மறு வருஷம் ஒரு காலை ஷிப்டில் அவர் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தார். பெங்களூரில் அந்த அம்மா இறந்துவிட்டாராம். மகளையும் அழைத்துப் போகிறீர்களா என்று கேட்டேன்.

"கூப்ட்டேன் சார். நம்ம வூட்டக் கொளுத்தனவங்க வூட்டுக்கு நான் எதுக்குப்பா வரணும்னு கேக்கறா. அவங்கதான் உன்ன இடுப்புல வெச்சினு நின்னாங்கன்னு சொன்னேன். அப்பறம் ஏன் புக்குல இல்லன்றா."

கேட் பாஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் தனியாகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.