திருப்பி அனுப்பிய நெய்

என் வீட்டுக்காரருக்கு முதல் நெஞ்சுவலி வந்தது அறுபதுகளின் நடுவில். கடலூர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தார், நாற்பத்திரண்டு வயது. சிதம்பரத்தில் ஒரு பெரிய டாக்டரிடம் ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பார்த்துவிட்டு, "ரத்தக் குழாய்ல கொழுப்பு படியுது. நெய், வெண்ணெய், ஆட்டுக்கறி மூணையும் நிறுத்திடுங்க" என்றார்.

எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது. அன்றைக்கே மூன்றையும் நிறுத்தினேன்.

சிக்கல் நெய்யில்தான் வந்தது. என் நாத்தனார் நெல்லிக்குப்பத்தில் எருமை வைத்திருந்தார். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். முருங்கைக்கீரை போட்டு, மணல் மணலாகக் காய்ச்சிய நெய்யை வாராவாரம் ஒரு தூக்கில் ஆள் மூலமாகக் கொடுத்தனுப்புவார். கூடப் பிறந்தவள் அனுப்பியதைத் திருப்பி அனுப்புவது எங்கள் பக்கத்தில் முகத்தில் அடிப்பதற்குச் சமம். தெரிந்தேதான் திருப்பி அனுப்பினேன். "டாக்டர் வேணாம்னுட்டாரு" என்று சொல்லியும் விட்டேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படியை மிதிக்கவில்லை.

நெய்க்குப் பதிலாக டின்னில் விற்ற வனஸ்பதியை வாங்கினேன். தாவர எண்ணெயில் செய்தது. மாட்டிலிருந்தும் வரவில்லை, ஆட்டிலிருந்தும் வரவில்லை. பிறகு அதில் ஏது கொழுப்பு? நானே பரீட்சை எழுதி நானே மார்க்கும் போட்டுக்கொண்டேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்காரர் இளைத்துப் போயிருந்தார். "என்னம்மா, துரும்பா ஆயிட்டாரு" என்று பார்க்கிறவர்களெல்லாம் கேட்க எனக்கு ரோஷம் வந்தது. பூரி, வடை, உப்புமா எல்லாவற்றுக்கும் அதையே தாராளமாக அள்ளிப் போட்டேன்.

அடுத்த முறை சிதம்பரம் போனபோது ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தோம். பரிமாறுகிறவர் நெய்க் கிண்ணத்தோடு வந்தார். இவர் சாதத்தில் குழி பறித்துக் காத்திருந்தார். நான் இலைக்கு மேலே கையை நீட்டி மறித்தேன்.

"ஒரு சொட்டுதான்" என்றார் இவர்.

"அரைச் சொட்டுகூடக் கிடையாது."

"நீ மட்டும் ஜட்ஜா வந்திருந்தா ஒருத்தனுக்கும் ஜாமீன் கெடைக்காது."

பரிமாறுகிறவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. "எனக்கு நீங்க இருக்கணும், அவ்ளோதான்" என்றேன். அவர் குழம்பை ஊற்றிப் பிசைந்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில், கோர்ட்டுக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் படையலில் அவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்தோம். அத்தனை நாள் படி மிதிக்காத நாத்தனார், கொண்டுவந்த தூக்கைத் திறந்து, சாதம் முழுகும்படி நெய்யை ஊற்றினார். "இப்பவாச்சும் துன்னுடா. இனிமே யாரும் தடுக்க மாட்டாங்க" என்று அழுதார். சொந்தக்காரர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். "அவரக் காப்பாத்தத்தான் குடுக்கல அண்ணி" என்றேன். அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டுதான் முப்பது வருஷம் தலை நிமிர்ந்து நடந்தேன்.

பிறகு ஒரு நாள், என் சர்க்கரை வியாதிக்குப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் பேச்சுவாக்கில் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கினார். "வனஸ்பதி நெய்யவிடக் கெடுதல்மா. அதாலதான் போனாருன்னு சொல்ல முடியாது. அப்ப யாருக்கும் தெரியாதும்மா" என்றார். யாருக்கும் தெரியாதுதான். ஆனால் அள்ளி அள்ளிப் போட்டது என் கை. அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்து நெல்லிக்குப்பம் போனேன். நாத்தனாருக்குக் கண் பார்வை போயிருந்தது. என் குரலைக் கேட்டதும் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டார்.

"நீ அவன நல்லாத்தான் பாத்துக்கின. நான்தான் கோவத்துல என்னமோ பேசிட்டேன். மன்னிச்சிக்கோம்மா."

வனஸ்பதி விஷயம் வாய் வரை வந்தது. "பரவால்ல அண்ணி, உடுங்க" என்று, மன்னித்துவிட்டவள் மாதிரி சொல்லிவிட்டு வந்தேன்.