அரிசிமேல் அம்மா போட்ட குறி

அம்மா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைகிற இந்த நாளில், கே.ஜி.கண்டிகை வீட்டுக்கு ஜெபத்துக்கும் சாப்பாட்டுக்கும் வந்திருக்கும் உறவுகளுக்கும் சபையாருக்கும் மூத்த மகள் எழுதுவது. நான் எட்டாவதோடு நின்றவள். வாய் ஓடுகிற அளவுக்கு எனக்குக் கை ஓடாது. ஆனால் ஒரு விஷயத்தை வாயால் ஊரெல்லாம் சொன்னவள் நான். அதை எழுத்தில்தான் திரும்ப எடுக்க முடியும் என்று தம்பி சாமுவேலிடம் கேட்டு இந்த நினைவு மலரில் சில பக்கங்களை வாங்கிக்கொண்டேன்.

அம்மா பிறந்தது திருவாலங்காட்டுப் பக்கம். தாத்தன் காலத்துக்கு முன்பிருந்தே சபையில் இருக்கிற குடும்பம். ஆனால் சொந்தமாகக் கையகல நிலம் கிடையாது. எங்கள் அப்பாவை, நைனாவைக் கட்டிக்கொண்டு கண்டிகைக்கு வந்த பிறகும் நடவு, களையெடுப்பு, கரும்பு வெட்டு என்று அடுத்தவர் நிலத்திலேயே அம்மாவின் காலம் போயிற்று. கரும்பு வெட்டில் வலது கை ஆள்காட்டி விரலின் நுனியை அரிவாள் கொண்டுபோனது. நைனா தவறியபோது எனக்குப் பதின்மூன்று வயது, தம்பி இடுப்புப் பிள்ளை. அதற்குப் பிறகும் எங்களை ஒரு வேளை பட்டினி போட்டதில்லை.

அம்மா நல்லவர், அன்பானவர், ஜெபம் தவறாதவர். இதையெல்லாம் சபையில் சொல்லிவிட்டார்கள். சொல்லாமல் விட்ட ஒன்றை நான் சொல்கிறேன். அம்மா யாரையும் லேசில் நம்பமாட்டார். பால்காரர் வந்தால் செம்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்பா, மாடு தண்ணி குடிச்சிதா, இல்ல நீயே பாலுக்குக் குடுத்துட்டியா?" என்பார். மழைமேகத்தைக்கூட விடமாட்டார். "அதும் மொகத்தப் பாரு. பெய்யிற மொகமா அது?" என்று துணியை எடுக்காமல் விட்டுவிடுவார். பல நாள் அம்மா சொன்னதே பலித்தது. அதனால் நாங்களும் அப்படியே வளர்ந்தோம். எனக்கு அந்தக் குணம் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

அம்மா இப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. அது நான் கண்ணால் பார்த்தது. எனக்கு ஏழு வயது இருக்கும். அறுவடை முடிந்து களத்தில் நெல் குவித்திருந்தார்கள். யாரும் கை வைக்கக்கூடாது என்று குவியலின்மேல் சாம்பலால் கோடு இழுத்து வைப்பது அப்போது வழக்கம். கோடு கலைந்தால் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அன்று விடிந்து பார்த்தால் ஒரு பக்கம் கோடு கலைந்திருந்தது. கோழி கிளறியிருக்கலாம், காற்று அடித்திருக்கலாம். களத்து மேஸ்திரி நேராக அம்மாவிடம் வந்து, "மடிய உதறும்மா" என்றார். அத்தனை பேர் முன்னால் அம்மா புடவை மடியைப் பிரித்து உதறினார். "நான் எடுக்கலீங்க. பாருங்க. ஒரு மணி இல்ல" என்றார். மடியிலிருந்து வெற்றிலைக் காம்பு ஒன்றுதான் விழுந்தது. மேஸ்திரி மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்த வருஷம் முதல் எங்கள் வீட்டு அரிசியிலும் குறி ஏறியது. எடுத்தது போக டிரம்மில் இருக்கும் மீதியைத் தட்டிச் சமப்படுத்தி, மேலே சிலுவை போல இரண்டு கோடு இழுத்துத்தான் அம்மா மூடுவார். ஆள்காட்டி விரல் குட்டையாகிப்போன பிறகு நடுவிரலையும் சேர்த்து இழுப்பார். அதனால் கோடு இரட்டையாக, ஒன்று ஆழமாகவும் ஒன்று மேலாகவும் விழும். ஒருமுறை வீட்டு ஜெபத்துக்கு வந்த புதுப் போதகர் ஐயர் அதைப் பார்த்துவிட்டார். அரிசிக்கும் சிலுவை போட்டு ஜெபிக்கிற தாய் என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் புகழ்ந்தார். அம்மா ஒன்றும் மறுக்கவில்லை. வெளியே வந்து என்னிடம் மட்டும், "அவரு ஜெபம்னு நெனச்சிகினு போவட்டும் வுடு. நான் போட்டது பூட்டு" என்றார்.

இனித்தான் நான் சொல்ல வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்பு, பொதட்டூர்பேட்டையில் இருக்கிற எனக்கு அம்மா போன் செய்தார். "பாப்பா, டிரம்முல குறி கலைஞ்சி கெடக்குது. எஸ்தரு கை வைக்கிறா." எஸ்தர் என் தம்பி மனைவி. அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தவள். அவளுடைய தாய்வீடு திருவாலங்காடு. மறுவாரமே பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். டிரம்மைத் திறந்தால் கோடு ஒற்றையாக, மெலிசாக இருந்தது. அது அம்மாவின் விரல் இல்லை. அதற்குமேல் எனக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை. அரிசி குறைந்ததா என்று நான் அளந்தும் பார்க்கவில்லை.

சித்தி மகன் கலியாணத்தில் பந்தியில் உட்கார்ந்தபடி அத்தையிடம் சொன்னேன். "இப்பல்லாம் கண்டிகையிலிருந்து ஆலங்காட்டுக்கு அரிசியும் டிக்கெட் எடுத்துகினு பஸ் ஏறுது போல அத்தை." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எஸ்தர் எனக்குப் பின் வரிசையில் இருந்தாள். பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தாள். "பாத்தியா, உறைக்குது" என்றேன். அன்று கேட்டவர்கள் பலர் இன்று இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள்.

பிறகு எஸ்தரின் தாயார் விழுந்து இடுப்பில் அடிபட்டது. பத்து நாள் பார்த்துக்கொள்ள அவள் ஆலங்காடு போனாள். அம்மாவுக்குத் துணையாக நான் வந்தேன். நல்ல எண்ணத்தோடு மட்டும் வரவில்லை. அவள் இல்லாத பத்து நாளும் குறி கலையாமல் இருந்தால் அதை வைத்தே தம்பியிடம் பேசிவிடலாம் என்றுதான் வந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அம்மா எழுந்து போய் டிரம்மைத் திறந்தார். குறியைக் குனிந்து பார்த்தார். அதற்கு அடியில் யாராவது எடுத்துவிட்டு மேலே நிரவியிருப்பார்களோ என்று கையை உள்ளே நுழைத்துத் துழாவினார். தட்டிச் சமப்படுத்தினார். மூடினார். போய்ப் படுத்துக்கொண்டார். குறி போடவில்லை.

அரைமணியில் எழுந்து வந்து மறுபடி திறந்தார்.

"பாப்பா, வந்து பாரு. குறியக் காணோம். எஸ்தரு கை வச்சிட்டா."

"எஸ்தர் ஊர்லயே இல்லம்மா."

"அதான். இல்லாத மாதிரி போயிட்டு வந்து எடுத்துகினு போயிருக்கா."

"நீதாம்மா இப்ப கை வச்ச. நான் பாத்துகினுதான இருந்தேன்."

சொல்லியிருக்கக்கூடாது. அம்மாவின் முகம் மாறியது. எழுந்து நின்று, என் முன்னால் மடியைப் பிரித்து உதறினார்.

"நான் எடுக்கலீங்க. பாருங்க. ஒரு மணி இல்ல."

பெற்ற மகளுக்கு 'ங்க' போட்டுப் பேசினார். நான் எழுந்து அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

எஸ்தர் திரும்பி வந்த அன்று, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளிடம் போய்க் கேட்டேன்.

"அம்மாவே கலைக்கறது உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி. குறி இல்லன்னா பயந்து போய் மடிய மடிய உதறுறாங்க. அதான் அவங்க எழறதுக்குள்ள நானே ஒரு கோடு இழுத்து வைப்பேன். அவங்க மாதிரி வரல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. அடுத்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவளை டிரம்மிடம் கூப்பிட்டு, ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் மடக்கி, நடுவிரலோடு சேர்த்து இழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். நாலைந்து தடவைக்குப் பிறகு வந்தது. மறுநாள் அம்மா திறந்து பார்த்தார். வெளிச்சத்துக்குத் தலையைச் சாய்த்தும் பார்த்தார். "ஆங், இது என் கைதான்" என்று மூடினார். அதற்குப் பிறகு அம்மா எனக்குப் போன் செய்தபோதெல்லாம் பால்காரரைப் பற்றித்தான் புகார்.

கடைசி இரண்டு மாதம் அம்மா படுக்கையில் இருந்தார். பேத்திகள் ஊட்டினால் கரண்டியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார். எஸ்தர் கொடுத்தால் முகரமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் வீடு வந்து சேர்ந்த சிறிது நேரத்தில், எஸ்தர் மடியில் தலை வைத்தபடியே மூச்சு அடங்கியது.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நேரம் பார்க்காமல் வண்டி ஓட்டிய ஆட்டோக்காரத் தம்பிக்கும், கிருத்திகைக் கூட்டத்தில் வழி விலக்கி எங்கள் ஆட்டோவைக் கோயில் மலையடிவாரம் தாண்டவைத்த காவடிக்காரர்களுக்கும், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டிய வாலிபர்களுக்கும், தினமும் வந்து ஜெபித்த ஐயருக்கும், அத்தனை பேச்சையும் கேட்டுக்கொண்டு பால் ஊற்றிய பால்காரருக்கும் எங்கள் நன்றி.

எஸ்தருக்கு நன்றி என்று எழுதினால் அது சின்ன வார்த்தை. அந்தக் கலியாணப் பந்தியில் நான் சொன்னது பொய். கேட்டவர்கள் அதை யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடம் இதையும் சொல்லிவிடுங்கள்.

இன்று உங்கள் இலையில் விழும் சோறு அந்த டிரம்மில் இருந்து அவள் அள்ளியது. இப்போது அதில் குறி போடுவதில்லை என்று எஸ்தர் சொன்னாள். நான் திறந்து பார்க்கவில்லை.