ஏரிக்கரைத் தெருவுக்கு ஓர் உரக் கழிப்பறை

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஓர் ஏரிக்கரைத் தெரு. மழைக்காலத்தில் இரண்டடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். கழிப்பறைக் குழிகள் நிரம்பி வழிந்ததால் மக்கள் பழையபடி கருவேலங்காட்டுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே உரக் கழிப்பறை கட்டலாம் என்று எங்கள் சிறிய தொண்டு நிறுவனம் முடிவு செய்தது. வரைபடம் என் பொறுப்பு. செங்கம் ரோட்டில் என் வாடகை அறையில் மூன்று நாள் உட்கார்ந்து போட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு விளக்கினேன். தரைக்கு மேலே இரண்டு தொட்டி. ஒன்று நிரம்பியதும் அதை மூடிவிட்டு மற்றது. போய்வந்ததும் ஒரு பிடி சாம்பல் போட வேண்டும். கழுவும் தண்ணீர் மட்டும் உள்ளே விழக்கூடாது. ஆண்கள் தலையாட்டினார்கள்.

பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தார். வயலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிவிட்டு நேராக வந்திருந்தார், புடவையெல்லாம் செம்மண்.

"கதவு எந்தப் பக்கம் சார்?"

"ரோட்டப் பாத்துங்க."

"எதிர்ல டீக்கடை. ஆம்பளைங்க நாளெல்லாம் உக்காந்துனு இருப்பாங்க. நாங்க எப்படிங்க போவோம்?"

அந்த மூன்று நாளில் ஒரு தடவைகூட இதை நான் யோசித்திருக்கவில்லை.

"எங்க வேணும்னு வந்து காட்டுறீங்களா?" என்றேன்.

அவரோடு தெருப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். ஒரு குச்சியால் அவர் மண்ணில் கோடு போட்டார். கதவு ஏரியைப் பார்த்து வந்தது. "மாசமா இருக்கிறவங்க ஏறணும்ங்க" என்றதும் படிகளின் உயரம் குறைந்தது. கரையிலேயே உட்கார்ந்து புதிதாக வரைந்தேன்.

கட்டி முடித்து, முதல் தொட்டி நிரம்பி, மூடி ஒரு வருஷமும் ஆனது. அந்தத் தொட்டியைத் திறந்த அன்று எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார்கள். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். கதவைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண்தான் மண்வெட்டியால் இழுத்துப் போட்டார். உரம் கறுப்பாக, உதிரி உதிரியாக விழுந்தது. கையில் அள்ளி முகர்ந்தார்.

"மழை பேஞ்ச மண்ணு மாதிரிதாங்க இருக்குது. நாத்தமே இல்ல."

ஓரமாக நின்ற ஒரு வாழைத்தோட்டக்காரர் மெல்ல கிட்டே வந்தார். "எனக்கு ரெண்டு கூடை எடுத்து வைம்மா."

"வரிசையில வாங்கண்ணா" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்த வாரமே பக்கத்துத் தெருவிலிருந்து கூப்பிட்டார்கள். இந்த முறை வரைபடம் எதுவும் எடுத்துப் போகவில்லை; அந்தப் பெண்ணைக் கூட்டிப் போனேன். அளவு நாடாவின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார், மறுமுனையை நான். மதியம் தாண்டியும் பசி தெரியவில்லை.