புஷ்கரன் நிறுத்திய மோட்டார்

கேரளத்துக் கைனகரியில் தண்ணீருக்கும் புஷ்கரனுக்கும் ஆகாது என்று ஊரே சொல்லும். காயலைவிடத் தாழ்ந்த சேற்றில் நெல் விளையும் ஊர் அது. வரப்போரம் இருக்கும் பெரிய மோட்டாரை ஓட்டி, வயல் தண்ணீரை ஆற்றுக்குத் தள்ளுவதுதான் இளவயதிலிருந்தே அவன் வேலை. அந்தச் சத்தத்தில் இடது காது போய்விட்டது. கர்வம் மட்டும் போகவில்லை. "நான் சுவிட்ச போட்டா காயலே ஒதுங்கி நிக்கும்" என்பான் கள்ளுக்கடையில். நிற்கவும் நின்றது, சும்மா சொல்லக்கூடாது.

அந்த வருடம் அவன் மனைவி விலாசினி படித்துறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். வெளியே இருக்கும் கழிப்பறைவரை அவளால் நடக்க முடியாது. அவளுடைய அண்ணன் மோட்டார் படகோடு வந்து, சங்கனாச்சேரியில் மேட்டு நிலத்தில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

"கழிப்பறையோட ஒரு அறை எடுத்துக் கட்டு அளியா. மழைக்கு முன்னாடி முடியலேன்னா அவ எங்கிட்டயே இருந்துக்கட்டும்" என்றார் தங்கை புருஷனிடம்.

படகு கிளம்பியது. விலாசினி ஒரு வார்த்தை சொன்னதாகத் தெரியவில்லை. அதுதான் புஷ்கரனைக் குடைந்தது. அங்கேயே சுகம் கண்டுவிடுவாளோ என்று பயந்தான்.

மதியங்களில் வாசலில் படுத்துக்கொண்டு, இன்னும் கட்டாத அறையைப் பார்த்துக்கொண்டிருப்பான். வெறும் மண்தான் அங்கே. ஆனால் அவன் கண்ணுக்கு ஜன்னல் தெரிந்தது, கட்டில் தெரிந்தது, ஆற்றின் வெளிச்சம் மேற்கூரையில் நெளிவது தெரிந்தது. வாத்துகள் கத்தும்போது எல்லாம் கலைந்துபோகும். திரும்பக் கண்ணை மூடி ஜன்னலிலிருந்து ஆரம்பிப்பான்.

மேஸ்திரி ஔசேப்பு வந்து அஸ்திவாரம் தோண்டினார். முழங்கால் ஆழம் போவதற்குள் நாலு பக்கமிருந்தும் தண்ணீர் ஊறி, அழைக்காத விருந்தாளி மாதிரி குழி நிறைய உட்கார்ந்துகொண்டது.

"கிடக்கட்டும் சேட்டா. தென்னந்தடிய இதுக்குள்ளயே அடிச்சு எறக்குவோம். எப்பவும் நனைஞ்சே கிடந்தா தடி உளுக்காது. கடல் உள்வாங்கி ஆறு வத்தற நேரம் பாத்து மேல கல்லு வைப்போம்" என்றார் ஔசேப்பு.

"என் வீட்டு அஸ்திவாரத்துல தண்ணியா? ஊரு சிரிக்காது?"

"சிரிக்கறவன் வரட்டும். தடி இழுக்க ஆள் குறைச்சலாத்தான் இருக்கு."

புஷ்கரன் கேட்கவில்லை. எங்கிருந்தோ ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து வைத்தான். அந்தியில் குழி காயும். விடிந்தால் நிறைந்திருக்கும். ஆற்றங்கரையில் குழி வெட்டிவிட்டு ஆற்றையே இறைக்கப் பார்த்த புத்தியை என்னவென்று சொல்வது? அவனும் விடவில்லை, தண்ணீரும் விடவில்லை. ஒரு நாள் குழாயில் கறுப்பாக, கஞ்சி பதத்தில் வந்தது. அடிமட்டம் தொட்டாயிற்று என்று சந்தோஷப்பட்டான். அப்போது அடுக்களையில் பாத்திரம் உருண்டது. போய்ப் பார்த்தால், விலாசினியின் அலமாரிக்குப் பின்னால் சுவர் மேலிருந்து கீழ்வரை கீறல் விட்டிருந்தது.

ஔசேப்பு கீறலில் விரலை விட்டுப் பார்த்தார்.

"வீட்டுக்கு அடியில கிடந்த சேறுதான் சேட்டா குழாயில வருது. இன்னும் கொஞ்சம் ஓட்டுங்க, அடுக்களையும் பின்னாலயே வந்துரும்."

புஷ்கரனுக்கு அழுகை வந்தது. இருக்கிற வீடும் போனால் அவள் எங்கே வருவாள்? மோட்டார் பக்கத்திலேயே நின்று, மனைவிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னான்.

"இப்பவும் ஓடுதா அது?" என்றாள் விலாசினி.

"ஓடுது."

"நிறுத்திட்டுப் பேசுங்க."

நிறுத்தினான். ஊரே சட்டென்று பெரிதான மாதிரி இருந்தது.

"இங்க எல்லாம் காஞ்சு கிடக்கு. படுத்தா ஒரு சலசலப்பு கிடையாது, தூக்கமே வரல. தண்ணி இல்லாத அறையா கேட்டேன் நான்? சீக்கிரமா ஒரு அறை போதும்."

"அன்னைக்குப் படகுல ஒண்ணுமே சொல்லாமப் போனியே."

"சொன்னேன். வந்துருவேன், பயப்படாதீங்கன்னு சொன்னேன். எந்த மோட்டார் சத்தத்துல உங்களுக்கு என் பேச்சு கேட்டுருக்கு?"

போனை வைத்துவிட்டுக் குழியோரம் உட்கார்ந்தான். தண்ணீர் ஓசையில்லாமல் திரும்பி வந்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அது வருவதைச் சும்மா பார்த்தான். தெளிந்ததும் அதில் ஒரு மேகம் தெரிந்தது.

கொல்லையில் முற்றிய தென்னைகளை வெட்டினார்கள். மூன்று கழிகளைச் சேர்த்து உயரமாக முக்காலி நட்டு, கனத்த இரும்பைக் கயிற்றில் தூக்கித் தூக்கி விட்டு, தடிகளைத் தண்ணீருக்குள் நெருக்கமாக அடித்தார்கள். ஆறு வற்றும் நேரத்துக்காகக் காத்திருந்து கல் வைத்தார்கள். தண்ணீர் ஏறும் நேரத்தில் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் தின்றார்கள். அடுக்களைக் கீறல் அதற்குமேல் வளரவில்லை.

வானம் கறுத்து முதல் தூறல் விழுந்த அன்று விலாசினி வந்தாள். புது அறையில் படுக்கவைத்தார்கள். மேற்கூரையில் ஆற்று வெளிச்சம் நெளிந்தது.

"கீழ தண்ணி இருக்கா?"

"இருக்கு."

"துரத்தலையா?"

"பாவம், அது எங்க போகும்?"

விலாசினி கண்ணை மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தாள். புஷ்கரன் கட்டிலைச் சுற்றி வந்து, வலது காது அவள் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தான்.